வளையத்தைத் தாண்டிய இலை

சுங்க அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸில் மொத்தம் ஆறு பத்திகள். ஆறையும் இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது ஏதோ ஒரு தாள் குறைகிறது, கொண்டுபோய்க் கொடுத்தால் சரக்கை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை மூன்றாவது பத்தியில் கண் நின்றுவிட்டது. எங்கள் கடைப் பெயருக்கு வந்திறங்கிய பதினெட்டுப் பெட்டிகளில் இருக்கும் ஸ்கார்ஃப், கைப்பை, தலைப்பட்டை எல்லாவற்றிலும் உள்ள டிசைன், ஒரு பெரிய கம்பெனி தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வைத்திருக்கும் டிசைனைப் போல இருப்பதாகச் சந்தேகம். சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பத்து வேலை நாளுக்குள் பதில் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய தங்கை. தங்கையை வீட்டில் பூச்சி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் சுவரெல்லாம் எறும்பும் வண்டுமாக வரைந்து தள்ளியதால் வந்த பெயர். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, உயரத்தில் அவளைத் தாண்டிவிட்ட ஒரு மகள் இருக்கிறாள், பெயர் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

கடையில் அவர் விற்பார். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளோடு கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. பூச்சி பன்னிரண்டு வருடமாக மடித்தாள், அடுக்கினாள், எந்த டிசைன் போகும், எது அலமாரியில் தூங்கும் என்று சரியாகச் சொன்னாள். இந்த முறைதான் முதன்முதலாக அவளே வரைந்த டிசைன் அச்சுக்குப் போனது. ஒரு வளையம், அதற்குள் இரண்டு இலைகள்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் அவர்.

நோட்டீஸை நீட்டினேன். அவர் எதையும் இரண்டு வரிக்கு மேல் படிக்கமாட்டார். "நீயே சொல்லிடேன்," என்று திருப்பிக் கொடுத்தார்.

சொன்னேன். பூச்சி பயந்துபோவாள் என்று பார்த்தால், அவள் முகத்தில் சிரிப்பு.

"அப்போ பெரிய கம்பெனிக்காரனும் நானும் ஒண்ணா யோசிச்சிருக்கோம்!"

"ஆமா, அவன் வேலை வெட்டி இல்லாம வந்து உன் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டுப் போயிருப்பான்," என்றார் அவர்.

"பார்த்தாலும் பார்த்திருப்பான். நான்தான் நோட்டை எங்க பார்த்தாலும் போட்டு வைக்கிறேனே."

"உனக்கு விளையாட்டா இருக்கா? சரக்கு மாட்டிக்கிச்சு பூச்சி."

"மாட்டினா என்னண்ணா? நான் காப்பி அடிச்சேனா? நம்ம பின்பக்க ஜன்னல் கம்பியப் பார்த்து வரைஞ்சேன். அதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும், வெல்டிங் பட்டறைக்காரர்கிட்டயா?"

நோட்டீஸோடு எங்கள் சரக்கின் படம் ஒன்று இணைத்திருந்தார்கள். நகலின் நகல், அதற்கும் ஒரு நகல். கரி பூசியதுபோல் இருந்தது. பூச்சி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதோ பாருங்க அண்ணி, என் வளையம். இதோ இலை. எவ்வளவு அழகா நெருங்கி வந்திருக்கு!" என்றாள். எனக்குக் கரிதான் தெரிந்தது. அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் எனக்கும் வளையம் தெரிவதுபோல் இருந்தது.

பிற்பகலில் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் வந்தார். துறைமுகத்தில் இருந்து சரக்கை எடுத்துக் கொடுப்பவர். சட்டைப் பையில் எப்போதும் சீல் குத்தும் ஊதா மை படிந்திருக்கும், அதனால் எல்லோருக்கும் அவர் சீல் அண்ணன். வந்ததும் தண்ணீர் கேட்டார், குடித்தார், நோட்டீஸை முழுதாகப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு, சரக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம். அழிச்சிடுவாங்க. உங்க பேர்ல ஒரு எச்சரிக்கை பதிவாகும், அதோட முடிஞ்சது. ரெண்டு, எதிர்த்து நிக்கலாம். டிசைன் எங்களோடதுதான்னு சத்தியப் பத்திரம், நோட்டரி முன்னால கையெழுத்து. வரைஞ்ச மூலத் தாள், தொழிற்சாலைக்கு எழுதின லெட்டர், அவங்க பதில், எல்லாம் தேதி வரிசையில இணைக்கணும்."

"எதிர்த்தே நிப்போம்," என்றாள் பூச்சி.

"யாரும்மா வரைஞ்சது?"

"நான்தான்."

"அப்போ நீங்கதான் சத்தியம் பண்ணணும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. இந்தப் பெரிய கம்பெனிக்காரங்க சும்மா விடமாட்டாங்க. தொழிற்சாலை வரைக்கும் ஆளை விட்டு விசாரிப்பாங்க. பத்திரத்துல ஒரு வார்த்தை பொய்னு தெரிஞ்சா சரக்கோட நிக்காது. இறக்குமதி லைசென்ஸ் போகும். கையெழுத்துப் போட்டவங்க மேல தனியா கேஸ் வரும்."

"பொய் எதுக்குண்ணே சொல்லணும்? நோட்டு இருக்கு, தேதி இருக்கு, அழிச்சு அழிச்சு வரைஞ்ச பதினோரு தாள் இருக்கு. ஜன்னல்கூட இருக்கு, வேணும்னா கழட்டிட்டு வரட்டுமா?"

சீல் அண்ணன் சிரித்தார். "ஜன்னல் வேணாம்மா. கதவு வழியா போவோம்." அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நோட்டரியிடம் நேரம் வாங்குவதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், லெட்டர் கட்டு உங்ககிட்டதானே? ஒண்ணு விடாம இருக்கணும்."

"ஒண்ணும் விட்டுப்போகாது," என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மெயிலில் வந்தாலும் போனாலும் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, மேல் மூலையில் பேனாவால் எண் போட்டு, துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பது என் வழக்கம். அவர்கள் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் அத்தனைக்கும் அதே எண் வரிசையில் அன்றைக்கே பதில் போய்விடும். ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் கடையைப் பூட்டினால் எனக்கு வீட்டில் சோறு இறங்காது. தொழிற்சாலைக்காரர்களே ஒருமுறை எழுதியிருந்தார்கள், உங்களைப்போல் ஒழுங்காகப் பதில் எழுதுகிறவர்கள் யாருமில்லை என்று. அந்தக் கடிதத்துக்கும் எண் உண்டு.

புதன்கிழமை காலை அந்தக் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு தேதி வரிசை சரிபார்க்க உட்கார்ந்தேன். இருபத்தெட்டாம் எண், பூச்சியின் வரைபடத்தை அனுப்பிய கடிதம். முப்பதாம் எண், பூச்சி கேட்டுக்கொண்டதால் நான் எழுதியது. கைப்பையிலும் தலைப்பட்டையிலும் வளையம் பாதியில் தையலுக்குள் போய்விடுகிறது, டிசைனைச் சிறிதாக்கி நெருக்கமாக அடித்துத் தரவும் என்று. முப்பத்தொன்று, அதற்குத் தொழிற்சாலையின் பதில். அதில் ஒன்பது கேள்விகள். பெட்டியின் அளவு, உறையில் ஒட்டும் தாள், கப்பல் தேதி, இப்படி. நான்காவதை நான் மறுபடி படித்தேன்.

நெருக்கமான டிசைனைத் துணியில் பதிக்கப் புது அச்சுச் சட்டம் செய்ய இருபத்தொரு நாள் ஆகும், கப்பல் தவறிவிடும். எங்களிடம் இதே பாணியில் வளையமும் இலையுமாக ஒரு தயார்ச் சட்டம் இருக்கிறது. அதில் அடிக்கலாமா? சிறு படம் இணைப்பில்.

முப்பத்திரண்டு, என் பதில். அதே தேதி. ஒன்பதுக்கும் ஒன்பது பதில். நான்காவதற்கு நேராக: சம்மதம், வண்ணங்கள் மட்டும் நாங்கள் அனுப்பிய வண்ண அட்டைப்படியே இருக்கட்டும்.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. பூச்சியின் மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் மூன்று நாள் கடைக்கு வரவில்லை. இணைப்பில் இருந்த படம் என் நகத்தளவுதான் இருந்தது. வளையம் இருந்தது, இலை இருந்தது. வந்ததும் அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் வந்தபோது அந்த வாரக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் அவற்றுக்குப் பதில் எழுதப் போய்விட்டேன்.

கோப்பை மூடினேன்.

ஒருவேளை தொழிற்சாலை மனம் மாறிப் புதுச் சட்டமே செய்திருக்கலாம். ஒருவேளை தயார்ச் சட்டமும் பூச்சியின் டிசைனும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கலாம். இப்படி நாலைந்து ஒருவேளைகளை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் ஓட்டினேன். தொழிற்சாலைக்கு ஒரு மெயில் எழுதினேன்: அனுப்பிய சரக்கின் தெளிவான படம் ஒன்று உடனே வேண்டும்.

வியாழன் மதியம் பதில் வந்தது. பூச்சி எதிர் மேஜையில் தன் பதினோரு தாளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். நான் திரையை என் பக்கம் சற்றுத் திருப்பிக்கொண்டு படத்தைத் திறந்தேன்.

அவள் வரைந்ததில் இலையின் நுனி வளையத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கம்பியில் அப்படித்தான் இருக்கிறது, வெல்டிங் செய்தவர் அளவு பிசகி விட்டது. அவளுக்கு அந்தப் பிசகுதான் பிடித்திருந்தது. படத்தில் இருந்த இலைகள் வளையத்துக்குள் அடக்கமாக, நுனி உருண்டு, ஒன்றையொன்று பார்த்து நின்றன. அது அவளுடையதே அல்ல. கீழே ஒரு வரி: தங்கள் கடிதத்தில் நான்காவது பதிலில் ஒப்புக்கொண்டபடி.

"என்ன அண்ணி, அப்படியே உறைஞ்சு போயிட்டீங்க? யாரு மெயிலு?"

"பெட்டி அளவு கேட்டிருக்காங்க," என்றேன்.

அதுதான் முதல் பொய். எவ்வளவு லேசாக வாயில் வந்தது!

சாயங்காலம் அவள் டீ கொண்டுவந்து வைத்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "அண்ணி, என் பொண்ணு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாளாம். எங்கம்மா மேல பெரிய கம்பெனி கேஸ் போட்டிருக்கான், எங்கம்மா அவ்வளவு நல்லா வரைவாங்கன்னு. டீச்சர் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க," என்று சொல்லிச் சிரித்தாள். நான் டீயைக் குடித்தேன். வெள்ளிக்கிழமை அவளை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டேன். பின்னாலேயே அவரும் வந்து, "என்ன ரகசியம், எனக்குத் தெரியாம?" என்று நின்றார். "ஒண்ணுமில்ல, ஏணியைப் பிடிக்கக் கூப்பிட்டேன்," என்று ஏணியில் ஏறி, எனக்குத் தேவையே இல்லாத ஒரு பெட்டியை இறக்கினேன்.

சனிக்கிழமை அவர்கள் இருவரும் சாப்பிடப் போன நேரத்தில் கோப்பைத் திறந்து முப்பத்தொன்றையும் முப்பத்திரண்டையும் கழற்றினேன். இரண்டே தாள்கள். இவை இல்லையென்றால் பூச்சி வரைந்தாள், நெருக்கமாக அடிக்கச் சொன்னோம், சரக்கு வந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். முப்பதுக்குப் பிறகு முப்பத்துமூன்று. நானே போட்ட எண்கள், நீல மையில், வட்டமிட்டு. முப்பத்துமூன்று முதல் நாற்பத்தேழு வரை எல்லாவற்றையும் மறுபடி அச்செடுத்துப் புது எண் போட வேண்டும். உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

அச்சு இயந்திரத்தை முடுக்கினேன். முதல் தாள் வெளியே வந்தது. அதை எடுத்துத் துளையிட்டு, பேனாவைத் திறந்து 31 என்று எழுதினேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை. இரண்டாவது தாள் வருவதற்குள் கடைக்கதவு மணி அடித்தது. தலைப்பட்டை கேட்டு ஒரு பெண் வந்திருந்தாள். அவளுக்கு எடுத்துக் காட்டிவிட்டு வந்து பார்த்தபோது, அந்த 31 என்னையே முறைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன். கழற்றிய இரண்டு தாள்களையும் கோப்பிலும் வைக்கவில்லை, என் கைப்பைக்குள் மடித்து வைத்தேன். ஞாயிறு முழுவதும் அந்தப் பை அலமாரியில் இருந்தது. நான் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அது எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

திங்கட்கிழமை அவர் கடையைப் பார்த்துக்கொள்ள, நானும் பூச்சியும் போனோம். நோட்டரியின் அலுவலகம் இரண்டாவது மாடியில். குறுகலான காத்திருப்பு அறை, சுவரோரம் ஒரு நீள பெஞ்ச், மேலே கிறீச்சிடும் மின்விசிறி. சீல் அண்ணன் பத்திரத்தை அடித்துத் தயாராக வைத்திருந்தார். பூச்சி அன்று நல்ல புடவை கட்டியிருந்தாள். அவள் கையில் அந்தப் பதினோரு தாள்களும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன.

"படிச்சுப் பார்த்துக்கங்கம்மா," என்று அவர் பத்திரத்தைக் கொடுத்தார்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். "மேற்படி சரக்கில் அச்சிடப்பட்டுள்ள டிசைன் முழுவதும் என்னால் சுயமாக வரையப்பட்டது என்றும்... அண்ணி, கேட்டீங்களா? சுயமாக!"

எங்களுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. ஒரு முதியவர், வாடகை ஒப்பந்தத்தோடு. அவர் எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"பூச்சி," என்றேன். "கையெழுத்துப் போடாதே."

"ஏன்?"

பையைத் திறந்து இரண்டு தாள்களையும், தொழிற்சாலை அனுப்பிய படத்தையும் அவள் மடியில் வைத்தேன். அவள் படத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் கடைசித் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கடிதங்களைப் படித்தாள். நிதானமாக, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி. நான்காவதில் விரல் நின்றது.

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

"புதன்கிழமை."

"இன்னைக்கு திங்கள்."

"ஆமா."

"அப்போ என்னோடது எங்க அண்ணி?"

"அச்சே ஆகலை."

"எதுலயுமே? ஒரு கர்ச்சீஃப்லகூட?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். சீல் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றவர், அவள் மடியில் இருந்ததை மேலிருந்தே பார்த்துப் புரிந்துகொண்டார். "அட கடவுளே," என்று மெதுவாகச் சொன்னார், வேறு பக்கம் பார்த்தார்.

"நான் ஊர் பூரா சொல்லிட்டேன்," என்றாள் பூச்சி. "பால்காரர்கிட்டகூடச் சொன்னேன். அந்தக் கரிப் படத்தைப் பார்த்து என் வளையம், என் இலைன்னு... நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

"அப்போ எனக்கும் தெரியாது பூச்சி. சத்தியமா."

"சத்தியமெல்லாம் இங்க பண்ணாதீங்க. அதுக்குத்தான் உள்ள தனியா ரூம் இருக்கு."

உள்ளே முதியவரின் குரல் கேட்டது, எங்கே கையெழுத்து என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பூச்சி தாள்களை மடித்தாள். கோபத்தில் மடிக்கவில்லை. கடையில் ஸ்கார்ஃப் மடிப்பதுபோல் விளிம்புக்கு விளிம்பு வைத்து மடித்து என் பையில் வைத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"போட்டுட்டா என்ன?" என்றாள் திடீரென்று.

"என்னது?"

"கையெழுத்து. இந்த லெட்டர் உங்க பையில இருக்கு. நானும் வரைஞ்சிருக்கேன், அதுலயும் வளையம் இருக்கு, இலை இருக்கு. யாரு அவ்வளவு உத்துப் பார்க்கப் போறா?"

"அம்மா, அவங்க உத்துப் பார்க்கத்தான் ஆள் வச்சிருக்காங்க," என்றார் சீல் அண்ணன். "நான் எதுவும் கேக்கலைன்னே வச்சுக்கங்க. ஆனா தொழிற்சாலைக்காரன்கிட்டயும் இந்த லெட்டர் இருக்குல்ல?"

"அவன் குடுக்கணுமே."

"பூச்சி, வேணாம்," என்றேன். "உன் மேலதான் கேஸ் வரும். தப்பு பண்ணது நான்."

"தெரியுது அண்ணி, தப்பு பண்ணது யாருன்னு படிச்சுட்டேன். அழகா நம்பர் போட்டு எழுதியிருக்கீங்க."

கதவு திறந்தது. முதியவர் வெளியே வந்தார், கட்டைவிரலில் மை. உள்ளிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்து, "அடுத்து, டிசைன் கேஸ்," என்றான்.

பூச்சி எழுந்தாள். பத்திரம் ஒரு கையில், தன்னுடைய கடைசித் தாள் மறு கையில். கதவுவரை போனாள். அவள் உள்ளே போய்விட்டால் என்ன செய்வேன், ஓடிப்போய்ப் பிடுங்குவேனா, நோட்டரியிடம் சத்தம் போட்டுச் சொல்வேனா என்று யோசித்தேன். இரண்டையும் செய்யத் துணிவில்லை என்பது அந்த நொடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் நிலைப்படியில் நின்று இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள வர்றீங்களா, இல்லையா?" என்றான் குமாஸ்தா.

"ஒரு நிமிஷம் இருங்க." அடுத்ததை என்னைப் பார்த்துக் கேட்டாள். "இந்த உருண்டை இலை என்னோடதுன்னு இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா, என்னோடதை நாளைக்கு நான் என்னன்னு சொல்றது?"

பத்திரத்தைச் சீல் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அடுத்த ஆளைக் கூப்பிடுங்க," என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

அங்கிருந்து நேராகச் சுங்க அலுவலகத்துக்குப் போனோம். ஆட்டோவில் சீல் அண்ணன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பின்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய பிளாஸ்டிக் உறை. அவள் அதை மடியில் வைத்துக்கொள்ளாமல் நடுவில் வைத்ததைக் கவனித்தேன்.

அதிகாரி ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் அவர் மேஜையிலேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினேன். பொருள், பார்வை, பிறகு விவரம். சரக்கில் உள்ள டிசைன் நாங்கள் அனுப்பியது அல்ல. தொழிற்சாலை கேட்டபோது வரைந்தவரிடம் காட்டாமலும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலும் சம்மதம் தெரிவித்தது நான். வரைந்தவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. சரக்கை ஒப்படைக்கிறோம். இரண்டு கடிதங்களையும் இணைத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "படம் பார்க்காம சரின்னு எழுதினீங்களா?"

"பார்த்தேன் மேடம். சரியா பார்க்கலை."

"எச்சரிக்கை பதிவாகும். இனி உங்க பேர்ல வர்ற ஒவ்வொரு சரக்கையும் திறந்து பார்த்துட்டுத்தான் விடுவோம். தாமதமாகும். தெரியுமா?"

"தெரியும்."

ஒப்படைப்பதற்கு முன் எங்கள் முன்னிலையில் ஒரு பெட்டியைத் திறந்து சரிபார்க்க வேண்டுமாம். கிடங்குக்கு நடந்தோம். உயரமான தகரக் கூரை, எங்கும் பெட்டிகள். எங்கள் பதினெட்டும் ஒரு மூலையில் மஞ்சள் நாடா சுற்றி நின்றன. ஊழியர் கத்தியால் நாடாவை வெட்டி மேலே இருந்த ஸ்கார்ஃபை எடுத்துக் கொடுத்தார். பூச்சி வாங்கி விரித்தாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

துணியை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். ஓரத் தையலை விரலால் தடவினாள். அடுத்து ஒரு கைப்பையை எடுத்து, பக்கவாட்டில் வளையமும் வளையமும் சேரும் இடத்தைப் பார்த்தாள்.

"மூலை நல்லா சேருது," என்றாள், யாரிடமும் இல்லாமல். "என்னோடதுல இப்படிச் சேராது. நுனி வெளிய நீட்டுதுல்ல, தையல்ல மாட்டும்." ஸ்கார்ஃபை ஒழுங்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அதிகாரி அவள் கையில் இருந்த உறையைக் கேட்டு வாங்கி ஒரு தாளைப் பார்த்தார். "இது வேற டிசைன்தான், பார்த்தாலே தெரியுது," என்றார். "பதிவு பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல."

"முதல்ல அதைப் பண்ணுங்க. அச்சுக்கெல்லாம் அப்புறம் போகலாம்."

வீட்டுக்கு வந்து அவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கடைச்சாவியை எடுத்து மாட்டிய இடத்திலேயே மறுபடி மாட்டிவிட்டு, "ஆறு நாளா என் பக்கத்துலதானே இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை, பதிவுக்கான விண்ணப்பத்தை எழுதித் தருகிறேன் என்று பூச்சியிடம் சொன்னேன். அந்த மாதிரிக் கடிதம் எழுத எனக்கு அரை மணி போதும்.

"வேணாம் அண்ணி. நானே எழுதிக்கிறேன்."

எழுதினாள். என் மேஜையில் இல்லை, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு. அவளுக்கு இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லை. இரண்டு வரி எழுதுவாள், கிழிப்பாள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போவாள், திரும்பி வந்து விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து படிப்பாள். ஒரு தடவைகூட என் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கடிதம் எதுவும் இல்லை, அல்லது இருந்ததை நான் திறக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் காகிதம் கிழிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு எழுதி முடித்து, "அண்ணா, இதைப் படிச்சுப் பாருங்க," என்று அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு வரி படித்தார். பழக்கதோஷத்தில் தாளை என் பக்கம் நீட்டிவிட்டார். நான் வாங்கவும் இல்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பூச்சி எட்டி அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பள்ளிப் பிள்ளைகள் வந்து குடை விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள்.

பிறகு அவள் வந்து தாளை என் முன்னால் வைத்தாள். "தப்பு இருந்தா பென்சில்ல மட்டும் குறிச்சுக் குடுங்க," என்றாள். "பேனா வேணாம்."

கடை முழுக்க அவளுடைய பென்சில்கள்தான், தேடினால் பத்தாவது கிடைக்கும். அவற்றில் ஒன்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தெரு முனைக் கடைக்கு ஒரு பென்சில் வாங்கப் போனேன்.